வளைவில் அணைகிற விளக்கு

ஒவ்வொரு வயராகப் பிடித்து, இரண்டே விரலால், ஆடுகிற பால்பல்லைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி லேசாக இழுத்துப் பார்த்தாள் சுகன்யா. ரொம்ப இழுத்தால் நல்லதும் கெட்டுப்போகும். இழுக்காமல் விட்டால் கெட்டது நல்லது மாதிரியே உட்கார்ந்திருக்கும். மஞ்சள் வயர் அசையவில்லை. பச்சையில் வெள்ளைக் கோடு போட்டது அசையவில்லை. அடுத்தது கறுப்பு, அது எர்த், அதுவும் கெட்டியாக இருந்தது. குட்டியானை லோடு வண்டியின் டிரைவர் பக்கம் தரையில் மல்லாந்து படுத்து, தலையைப் பிரேக் மிதிக்கும் கிளட்ச் மிதிக்கும் நடுவில் நுழைத்திருந்தாள். முதுகுக்கு அடியில் மண், பலாப்பழப் பிசுக்கு, எப்போதோ சிந்தின டீ. காலிரண்டும் கதவுக்கு வெளியே சந்தில் நீட்டிக்கொண்டிருந்தன. அதை நினைத்தால்தான் கூச்சம் பிடுங்கித் தின்றது. நைட்டியை முழங்காலுக்கு நடுவில் செருகி ஊக்குப் போட்டிருந்தாள், மேலே துண்டும் போட்டிருந்தாள், ஆனாலும் போகிறவர் வருகிறவர் யாராவது அந்தக் காலைப் பார்த்து இது யார் கால் என்று நிற்பார்களோ, நின்றால் என்ன சொல்வது. வீட்டுக்குள் புருஷன் அறப்பளி தூங்கிக்கொண்டிருந்தான். விடிகாலையில் சேலம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்தவன். மேலே மலையில் அன்னாசி அறுத்து வைத்திருக்கிறார்களாம். லோடு தருகிற பார்ட்டி போன் அடித்ததும் எழுந்து முகம் கழுவி ஏறிவிடுவான். ஏறினால் லோடு ஏற்றி இறங்கும்போது இருட்டிவிடும். இருட்டினால் லைட்டுப் போட வேண்டும். லைட்டுப் போட்டால், அந்த வளைவு. அதற்குள் இதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் போகாதீங்க என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதைவிட இதுவே மேல் என்று அடுத்த வயரைப் பிடித்தாள்.

அவன் அதை வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னான். போன வாரம் பலாப்பழ லோடோடு இறங்கி வரும்போது, பாறை வளைவில் வண்டியை இடது பக்கம் ஒடிக்கிறான், முன் லைட்டு இரண்டும் பொசுக்கென்று போய்விட்டது. பிரைட்டுக்குத் தட்டினால் அதுவும் இல்லை. எதிரே மை மாதிரி இருட்டு. பள்ளம் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம் என்று கையே சொல்லிற்றாம், கையே திருப்பிற்றாம், பம்பர் போய்ப் பாறையில் உரசி நின்றதாம். கட்டு அறுந்து நாலைந்து பழம் உருண்டு எனக்கு முன்னாடி அடிவாரம் வந்து சேந்துடுச்சு என்று சொல்லிச் சிரித்தான். அத்தையும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏனென்றால் அவன் இன்னொன்றும் சொன்னான். வண்டி விளக்கு அத்தனையும் போனபோது கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பெரியசாமி படத்துச் சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லையாம். குத்துக்கல்லாட்டம் எரிந்ததாம். சாமிதான் நிறுத்தினார் வண்டியை என்று அத்தை அன்றைக்கே தெரு முழுவதும் சொல்லி, தேங்காய் உடைத்து, படத்துக்குப் புது மாலை போட்டாள். சுகன்யா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கழன்று தொங்கிற்று. அது இன்னும் தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. சோறு போடும்போது தொங்குகிறது, பாப்பாவைக் குளிப்பாட்டும்போது தொங்குகிறது. எலக்ட்ரீசியன் தாஸ் வந்து பார்த்தார். சாவியைப் போட்டு லைட்டைப் போட்டார், அணைத்தார், போட்டார், அணைத்தார், டேஷ்போர்டைக் கையால் தட்டினார். எல்லாம் எரிந்தது. ஒரு கோளாறும் இல்லையே என்று கையில் இருந்த கறுப்பு டேப்பை அங்கே இங்கே சுற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு தடவை மலைக்குப் போய் வந்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவளுக்கு ஆகவில்லை. தன்னைக் காட்டிக்கொள்கிற கோளாறு நல்ல கோளாறு, ஒளிந்துகொள்கிறதுதான் ஆளைக் கொல்லும் என்று கலைவாணியக்கா சொல்வாள்.

கலைவாணியக்கா, வண்டிகளுக்கு வயர்க்கட்டுச் செய்கிற கம்பெனியில் இவளுடைய லைனுக்குத் தலைவியாக இருந்தவள். எட்டாவதோடு நின்றுவிட்ட சுகன்யாவைத் தெரிந்த ஒருவர் மூலம் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள், கல்யாணத்துக்கு முந்தி. பெரிய ஹால், குளிரும், தலைக்குத் தொப்பி, கையில் வளையல் கூடாது. பலகையில் ஆணி அடித்திருக்கும். அதன் வழியாக வயரை ஓடவிட்டு, சடை பின்னுகிற மாதிரி ஒன்றோடு ஒன்று சேர்த்து, ஒவ்வொன்றின் நுனியிலும் இருக்கிற செம்புப் பின்னைக் கப்ளருக்குள், வயரோடு வயரை இணைக்கிற பிளாஸ்டிக் கூட்டுக்குள், தள்ள வேண்டும். தள்ளினால் உள்ளே ஒரு நாக்கு இருக்கும், அது எழும்பிப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். க்ளிக் என்று ஒரு சத்தம். தள்ளு, கேளு, இழு. மூன்றையும் செய்தால்தான் ஒரு வயர் முடிந்தது. மிஷின் இரைச்சலில் சத்தம் எங்கே கேட்கும், நகத்துக்கு அடியில் ஒரு சின்னத் துள்ளல் தெரியும், அதுதான் சத்தம். பாதி உள்ளே போய் நாக்குப் பிடிக்காமல் நிற்கிற பின்தான் மோசம். தொட்டுக்கொண்டிருக்கும், அதனால் கரண்டு போகும், டெஸ்டில் பாஸாகிவிடும், வண்டியிலும் ஏறிவிடும், ஒரு நாள் குலுங்கலில் பின்னால் நழுவும். அன்றைக்கு யார் வண்டிக்குள் இருப்பார்களோ. அக்கா இதைச் சொல்லும்போது யாரையும் பார்க்க மாட்டாள், பலகையைத்தான் பார்ப்பாள். அறப்பளிக்கு இவள் கம்பெனிக்குப் போனது தெரியும். ஏதோ டப்பாவில் அடுக்குகிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பெண் பார்க்க வந்தபோது யாரோ அப்படிச் சொல்லிவைத்தார்கள், இவளும் திருத்தவில்லை. திருத்துகிற அளவுக்கு நாலு பேர் முன்னால் பேச வேண்டுமே. தாஸ் டேப் சுற்றினபோதுகூடக் கதவோரம் நின்று, அண்ணா அந்தக் கப்ளரைக் கழற்றி இழுத்துப் பாருங்களேன் என்று மனசுக்குள் சொன்னாள். மனசுக்குள் நன்றாகத்தான் வந்தது. வாய்க்கு வரும்போது டீ கொண்டாரட்டுங்களா என்று மாறிவிட்டது.

இதோ, இது. ஹார்னுக்குப் போகிற கப்ளரைப் பிரித்தபோது உள்ளே ஒரு பின் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும். முந்தானை இருந்திருந்தால் கடித்துக் கிழித்திருப்பாள். நைட்டியில் என்ன செய்ய, துண்டின் நுனியைச் சுருட்டித் துடைத்தாள், துணி ஊசியால் சுரண்டினாள், செம்பு தெரிந்தது. கப்ளரின் நாக்கை ஊசி நுனியால் கொஞ்சம் தூக்கிவிட்டுத் திரும்பத் தள்ளினாள். நகத்துக்கடியில் அந்தத் துள்ளல். எத்தனை வருஷம் ஆகிவிட்டது, விரல் மறக்கவில்லை. இதுதான், இதுவாகத்தான் இருக்கும், இவ்வளவு களிம்பு இருந்தால் எப்படி எரியும், இதுவேதான் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே தெரிந்தது, ஹார்ன் வேறு, லைட்டு வேறு. ஆனாலும் இரண்டும் ஒரே வயர்க்கட்டில்தானே வருகிறது. பாத்துடலாம். கையை மேலே நீட்டிச் சாவியைத் திருப்பி லைட்டு சுவிட்சைப் போட்டாள். போட்டால் மட்டும் போதுமா, எரிகிறதா என்று யார் பார்ப்பது. படுத்த இடத்திலிருந்து பார்த்தால் கிளட்ச் கம்பியும் தன் மூக்கும்தான் தெரிகிறது. மீட்டரில் பிரைட்டுக்கு எரிகிற நீலப் பொட்டு எப்போதோ செத்துப்போனது. வண்டி முன்னால் சுவரும் கிடையாது, வெளிச்சம் விழுந்து திரும்ப. வெறும் வெயில். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் ஆட்ட, ஒருத்தர் பார்க்க.

பார்க்கிறதற்கு இனியாவைத்தான் நிறுத்தியிருந்தாள். மூன்று வயது, வண்டிக்கு முன்னால் ஒரு கையில் முறுக்கோடு நின்றுகொண்டிருந்தது. பாப்பா, லைட்டு எரியுதா. எரியுது. வயர்க்கட்டைக் குலுக்கினாள். இப்ப எரியுதா. எரியுது. சந்தேகம் வந்து சுவிட்சையே அணைத்துவிட்டுக் கேட்டாள். எரியுது என்றது குழந்தை, அதே குரலில். பிறகு, காக்கா எரியுது என்றது. தெருவில் காக்கா ஒன்று முறுக்குக்காக வந்திருக்க வேண்டும். சுகன்யாவுக்குச் சிரிப்பு வந்து தலை கிளட்சில் இடித்தது. இவளுக்கு எல்லாமே எரிகிறது, அப்பா வராவிட்டாலும் எரியும், என்று ஒரு நினைப்பு நடுவில் வந்து சிரிப்பை நிறுத்திற்று. ஏன் இப்படி வருகிறது. வேண்டாம் என்று தள்ளத் தள்ள வருகிறது. நினைப்புக்குள் போன் அடிக்கிறது, எடுத்தால் வேறு யாரோ பேசுகிறார்கள், இது அறப்பளி வீடுங்களா என்கிறார்கள். எப்போது நினைத்தாலும் அந்த இடத்தில் நிற்கிறது. ஆமாங்க என்று சொல்லவே அவளுக்கு வரவில்லை. ஆமாங்க என்று சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்கிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

யாரோ வருகிற சத்தம். காலை உள்ளே இழுக்கப் பார்த்தாள், முடியவில்லை. செல்வராணியக்காதான், பக்கத்து வீடு, குடத்தோடு. "ஏங்கண்ணு, வண்டிக்குப் பிரசவம் பாக்கறயா? தல திரும்பிருச்சா?" என்று கேட்டாள். சுகன்யா உள்ளேயிருந்தே ஏதோ விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றாள். அக்கா, ஒரு நிமிசம் முன்னாடி நின்னு இந்த லைட்டைப் பாருங்க என்று கேட்டிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால், ஏன் என்பாள். சொன்னால், சாமியே நிறுத்தின வண்டிக்கு நீ என்ன வைத்தியம் பாக்கறே என்பாள், அத்தை காதுக்குப் போகும். குடம் தளும்புகிற சத்தம் போய்விட்டது. போன பிறகுதான் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. எப்போதும் போன பிறகுதான்.

எல்லா வயரையும் பார்த்தாகிவிட்டது. எல்லாவற்றையும் இல்லை. ஒன்று பாக்கி. அது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். கை அதன் கிட்டே போகும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போயிற்று. ஸ்டியரிங் தண்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைக் கப்ளர், அதன் முதுகில் வருகிற சிவப்பு வயரில் தோலைச் சுரண்டி இன்னொரு மெல்லிய வயரைப் போட்டு முறுக்கி, டேப் சுற்றி, ஆடாமல் இருக்கட்டும் என்று ஸ்டியரிங்கோடு திரும்புகிற கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த மெல்லிய வயர் மேலே ஏறிப் பெரியசாமி படத்துக்குப் போகிறது. எல்லா வண்டியிலும் அப்படித்தான், லைட்டுப் போட்டால் சாமிக்கும் எரிய வேண்டும். சுகன்யா வீட்டுக்குத் தூரம். நேற்றிலிருந்து. தனிப் பாயில்தான் படுத்தாள், தனித் தட்டில்தான் தின்றாள். வண்டியில் ஏறியதே தப்புத்தான். ஏறுவதற்கு முன்னால் பாப்பாவின் கவுனை எடுத்துப் படத்தின் மேல் போர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஏறினாள். வண்டி கோயில் இல்லை, அது இரும்பு, டயர், டீசல் என்று சொல்லிக்கொண்டாள். மற்ற வயரெல்லாம் இரும்போடு சேர்த்தி. ஆனால் இந்த வயர் சாமிக்குப் போகிறது. சாமி விளக்கு. குத்துக்கல்லாட்டம் எரிந்த விளக்கு. அவனைக் காப்பாற்றின விளக்கு. அதைப் போய் இந்தக் கையால். அதை விட்டுவிட்டு வேறு ஏதாவது கிடைத்துவிடாதா என்றுதானே இவ்வளவு நேரம் ஹார்னையும் வைப்பரையும் நோண்டிக்கொண்டு கிடந்தாள். எரிந்த விளக்கில் கோளாறு இருக்குமா. எரியாததில்தானே தேட வேண்டும். அதைச் சொல்லிச் சமாதானம் பண்ணிக்கொள்ளும்போதே பலகையைப் பார்த்துக்கொண்டு கலைவாணியக்கா பேசினாள். வர்ற வழி எரியுது, போற வழி எரியலைன்னா, நடுவுல இருக்கிற கப்ளரைப் பாருடி. சுகன்யா அப்படியே கிடந்தாள். சாமிக்குப் போகிற வயர் கப்ளருக்கு முதுகுப் பக்கம் முறுக்கியிருக்கிறது. கரண்டு அதுவரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் சாமிக்கு எரிந்தது. அதைத் தாண்டவில்லை. அதனால்தான் லைட்டு எரியவில்லை. இடது பக்கம் ஒடிக்கும்போது ஸ்டியரிங்கோடு அந்தக் கட்டும் திரும்பும், திரும்பினால் சிவப்பு வயரைப் பிடித்து இழுக்கும், இழுத்தால் பின் நழுவும். வேண்டாம். அத்தை தேங்காய் உடைத்தாயிற்று. அவனும் தினமும் ஏறும்போது அந்தப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். காப்பாற்றினது என்று அவன் நினைக்கிற ஒன்றை, அணைத்ததே அதுதான் என்று இவள் போய்ச் சொல்வதா. யார் இவள். ஆனால் சாமிக்கென்ன, சாமி எரிந்தது நிஜம்தானே, எரிந்ததைத்தானே சொல்கிறார்கள். இங்கே பார், இங்கே பார் என்று எரிந்திருக்கலாம். அதை யாரும் பார்க்கவில்லை.

உள்ளே போன் அடித்தது. பார்ட்டிக்கு என்று வைத்திருக்கிற பாட்டு. அவன் தூக்கக் குரலில், கெளம்பிட்டேன், இதோ கெளம்பிட்டேன் என்றான். டிரம்மில் சொம்பு மோதிற்று, காறித் துப்பினான், ஆணியில் சாவியைத் தேடினான், சாவி எங்கே என்று கேட்டான். பதில் வராததால் வெளியே வந்தான். அவன் செருப்புப் போடாத கால் இரண்டும் தன் காலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைக் கதவிடுக்கில் பார்த்தாள். என்ன பண்றே அதுக்குள்ள, தாஸ் பாத்துட்டுப் போயிட்டான்ல என்றான். கோபமில்லை, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சந்துப் பக்கம் திரும்பிப் பார்க்கிற குரல். இப்போது சொல்ல வேண்டும். போகாதீங்க என்பதா, எனக்குப் பயமா இருக்கு என்பதா, கம்பெனியில் நான் டப்பா அடுக்கவில்லைங்க என்பதா. எதை முதலில் எடுத்தாலும் மற்றதெல்லாம் அதோடு சிக்கிக்கொண்டு வரும்போல இருந்தது. வாய் தானாகவே ஒன்றை எடுத்தது.

"ஏங்க, முன்னாடி போய் நில்லுங்க. லைட்டு அணைஞ்சா சொல்லுங்க."

அணையாது புள்ள, நேரமாகுது, என்றான். அவள் மறுபடியும், நில்லுங்க என்றாள். தன் குரல் வண்டித் தகரத்தில் பட்டுப் பெரிதாகத் திரும்பி வந்ததைக் கேட்டு அவளுக்கே வியர்த்தது. காலிரண்டும் ஒரு விநாடி நின்றுவிட்டு நகர்ந்தன. முன்னால் அவன் இனியாவைத் தூக்கிக்கொள்வதும், எரியுது அப்பா என்று அது சொல்வதும், ஆமா கண்ணு, உங்கம்மாவுக்குத்தான் தெரியலை என்று அவன் சிரிப்பதும் கேட்டது. மஞ்சளை ஆட்டினாள். எரியுது என்றான். பச்சையை ஆட்டினாள். எரியுது. கறுப்பு, எரியுது, போதுமா. கையை ஸ்டியரிங் பக்கம் கொண்டுபோனாள். பெரியசாமி, நான் தூரம், உனக்குத் தெரியும், நீ பாக்காத மாதிரி இரு, கவுன் போட்டு மூடித்தான் இருக்கேன், குத்தமா எடுத்துக்கிட்டா என்னோட வெச்சுக்க, அந்த வளைவுக்குக் கொண்டுபோகாதே. சிவப்பு வயரை முறுக்கின இடத்துக்குக் கிட்டே பிடித்தாள். சூடாக இருந்தது. இடது பக்கம், வண்டி ஒடிகிற பக்கமாக, இரண்டு விரலால் இழுத்தாள். நகத்துக்கடியில் ஒன்றுமில்லை. துள்ளல் இல்லை, பிடிப்பு இல்லை, நெய்யில் போகிற மாதிரி பின் அப்படியே பின்னால் வழுக்கி வந்தது.

முன்னால் சிரிப்பு நின்றது. இனியா ஏதோ சொன்னாள். பிறகு, சாமிது எரியுதா பாரு, என்றான். குரலே இல்லாத குரல். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், கவுனின் பூப்போட்ட துணிக்குள்ளே சிவப்பாக, கொஞ்சமும் ஆடாமல். எரியுதுங்க, என்றாள். அவன் நடந்து கதவுப் பக்கம் வருவது கேட்டது. வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டான், சந்தென்றும் பார்க்காமல். மடியில் பாப்பா.

"இப்படியேதான். நான் வண்டியைத் திருப்பலை சுகன்யா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அதுவாப் போய் பாறையில நின்னுச்சு."

அப்படியானால் இவனுக்குள்ளேயும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பக்கத்துப் பாயில், இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் சிரித்துச் சிரித்து அதை மூடிக்கொண்டு, அப்புறமும் இரண்டு தடவை ஏறிப் போயிருக்கிறான், அந்த வளைவு வரும்போது என்ன செய்திருப்பான், லைட்டைப் பார்த்திருப்பானா, ரோட்டைப் பார்த்திருப்பானா. பார்ட்டி போன் திரும்ப அடித்தது, அவன் எடுக்கவில்லை, அடித்து ஓய்ந்தது. "வெளிய வா," என்றான், "கொஞ்சம் வெளிய வாயேன், சுகன்யா." வர்றேங்க என்றாள், ஆனால் பின் இன்னும் விரலுக்குள் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது, விட்டால் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி எரியும், எரிந்தால் நாளைக்கோ மறுநாளோ இரண்டு பேருமே அதை நம்பிவிடுவார்கள், அதனால் இந்தக் கையால் இதை இப்படியே பிடித்துக்கொண்டு மற்றக் கையை மட்டும் மிதிகளுக்கு நடுவே வெளியே நீட்டி, அவன் கை எங்கே என்று துழாவினாள்.